சம்பந்தி வீட்டுச் சாரம்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. என்னிடம் கேட்டு வாங்கினார்கள். ஆம்பூர் பைபாஸ் ஓரம் இருக்கும் ஒரு ஷூ ஃபேக்டரியின் மனிதவள மேலாளர் ஜோசுவா போன் செய்து, பாதுகாப்பு வார மலருக்கு ஒரு சிறுகதை வேண்டும் என்றார். பொருள்: கட்டட வேலைக்குச் சாரம் கட்டி ஏறும்போது கவனிக்க வேண்டியவை. நிபந்தனை ஒன்றே ஒன்று.

"சார், கதைல யாரும் கீழ விழக் கூடாது."

"சரி. யாராவது தப்பு செய்யலாமா?"

"செய்யலாம் சார். ஆனா நம்ம கம்பெனி ஆளா இருக்கக் கூடாது. கான்ட்ராக்ட் ஆளா இருந்தா பரவால்ல."

இத்தனை வருட எழுத்து வாழ்க்கையில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாக இலக்கணம் சொன்னதில்லை. உடனே ஒப்புக்கொண்டேன். என் கதைகளில் எதுவுமே நடப்பதில்லை என்று பொதுவாகக் குறை சொல்வார்கள். யாரும் விழாத கதை என்றால் எனக்கு அல்வா சாப்பிடுவதுபோல என்று நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்:

'பாலாற்றின் வறண்ட மணல்மீது மாலைச் சூரியன் தன் செந்நிறக் கதிர்களை—'

அடித்துவிட்டேன். ஆற்று மணலில் யாரும் சாரம் கட்டுவதில்லை. தவிர, ஆறு வந்தால் அதில் ஓடாத தண்ணீரும் வரும், ஓடும் தோல் கழிவுநீரின் நிறமும் வரும். மலர் அச்சேறாது.

இரண்டாவது தொடக்கம்:

'காற்றில் பதப்படுத்திய தோலின் வாசம்—'

இதையும் அடித்துவிட்டேன். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வாசம் தெரிவதே இல்லை. வெளியூர் எழுத்தாளர்கள்தான் ரயிலைவிட்டு இறங்கியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்கிறார்கள். நான் வேலூர்க்காரன். எனக்கு அந்த உரிமை கிடையாது.

மூன்றாவது தொடக்கம்:

'சூரியபிரகாஷ் மூன்றாவது மாடி உயரத்தில் நின்று சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தான்.'

இது இருக்கட்டும். ஆள் இருக்கிறான், உயரம் இருக்கிறது, அவன் விழக் கூடாது என்று ஜோசுவாவின் உத்தரவும் இருக்கிறது. இதற்குமேல் ஒரு கதைக்கு என்ன வேண்டும்?

3

சூரியபிரகாஷ் யார்? பெயின்டர். அமிர்திப் பக்கத்து ஊர்க்காரன். முதல் பிரதியில் அவனுக்குக் கர்ப்பிணியான மனைவி ஒருத்தியைக் கொடுத்திருந்தேன். எழுதி முடித்ததும் எனக்கே பயமாகிவிட்டது. நம் கதைகளில் கர்ப்பிணி மனைவி உள்ளவன் ஸ்டூலில்கூட ஏறக் கூடாது. ஏறினால் அடுத்த பத்தியில் ஆள் இருக்க மாட்டான். ஆகவே மனைவியை எடுத்துவிட்டேன். தங்கைக்கு நிச்சயம் செய்திருந்த கல்யாணத்தை ரத்து செய்தேன். இருமிக்கொண்டிருந்த தாயை நல்லபடியாகக் குணமாக்கி ஊருக்கு பஸ் ஏற்றினேன்.

இப்படி அவனைச் சுற்றியிருந்த எல்லோரையும் அவனுடைய பாதுகாப்பை முன்னிட்டு அப்புறப்படுத்திவிட்டேன். மிச்சம் இருப்பது சட்டைப் பையில் ஒரு செல்போன், அதில் ஓயாமல் பாட்டு, வேலை நடுவே தானும் கூடப் பாடும் ஒரு கெட்ட குரல். இப்போது பார்த்தால் முன்பைவிட அவனை எனக்கு அதிகமாகப் பிடிக்கிறது. இது நல்லதற்கில்லை.

(இரண்டாம் பிரதியில் அவன் ஹெல்மெட்டைத் தலைகீழாக வைத்து அதில் பட்டி கலக்குவதாக எழுதியிருந்தேன். ஜோசுவா படித்துவிட்டு, "சூப்பர் சார், ஒர்க்கர் மிஸ்டேக்!" என்று துள்ளினார். அந்தத் துள்ளலைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழுவி அவன் தலையிலேயே மாட்டிவிட்டேன். வாரைக் கட்டி பெல்ட்டும் போட்டுவிட்டேன். பெல்ட்டின் கொக்கியை, கொடுத்த உத்தரவுப்படி, சாரத்துக் குழாயிலேயே மாட்டியிருக்கிறான். சாரம் நிற்கும்வரை அவனும் நிற்பான்.)

4

இனி சாரம்.

சுவரோரமாக இரும்புக் குழாய்களை நிறுத்தி, குறுக்கே குழாய்களைப் படுக்கவைத்து, இரண்டும் சேருமிடத்தில் கிளாம்ப் போட்டு நட்டை முடுக்கி, மேலே பலகை போடுவது. அடியில் தட்டு வைக்க வேண்டும், சுவரோடு சேர்த்துக் கட்ட வேண்டும், பலகை ஓரத்தில் கைப்பிடிக் கம்பி வேண்டும், ஏறி இறங்கத் தனியாக ஏணி வேண்டும். இதெல்லாம் இந்தச் சாரத்தில் இருந்தது. இல்லாதது ஒன்றுதான். எந்தக் குழாய்க்கென்று எந்தக் கிளாம்ப்பைச் செய்தார்களோ அந்தக் கிளாம்ப்பைத்தான் போட வேண்டும். அதற்கு ஒரு வீட்டு விவகாரம் குறுக்கே வந்தது.

ஃபேக்டரி முதலாளி நிசார் அஹமதுவுக்கு ஒரு மகன், ஒரு மகள். ஆகவே இரண்டு சம்பந்தி. மகள் ஹீனாவைக் கட்டிக்கொடுத்தது வேலூர் லாங் பஜாரில் கடை வைத்திருக்கும் கலீமுல்லா வீட்டில். மகனுக்குப் பெண் எடுத்தது வாணியம்பாடி அஹமது பாஷா வீட்டில். இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் என்னவென்றால், இரண்டு பேருமே சாரச் சாமான் வாடகைக்கு விடுகிறவர்கள்.

(ஒரே தொழிலில் இரண்டு சம்பந்தியா, யார் நம்புவார்கள் என்று என் மனைவி கேட்டாள். கதையில் இது ஒன்றுதான் நான் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக நடந்தது.)

ஃபேக்டரியின் முன்சுவர் நீர் கசிந்து பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்கும் பையர் வரப்போகிறார். சுவரைப் பூசிப் பளபளக்க வைக்க வேண்டும். சாரத்தை யாரிடம் எடுப்பது? கலீமுல்லாவிடம் எடுத்தால் அஹமது பாஷா பெருநாளைக்கு வந்தும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அஹமது பாஷாவிடம் எடுத்தால் ஹீனாவுக்கு மாமியார் வீட்டில் பேச்சு விழும். சுவரின் இடப்பாதி ஒருவருக்கு, வலப்பாதி ஒருவருக்கு என்று பிரிக்கலாம்தான். பிரித்தால் எந்தப் பக்கம் உயரம், எது முதலில் முடிந்தது என்று ஒப்பிட்டே இரண்டு வீடும் பேசாமல் போய்விடும்.

நிசார் அஹமது நன்றாக யோசித்து நீதி வழங்கினார். குழாய் கலீமுல்லாவிடம். கிளாம்ப் அஹமது பாஷாவிடம்.

தெருவே மெச்சியது. பெரிய மனுஷர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு சம்பந்திகளுக்கும் பரம திருப்தி. குழாயிடமும் கிளாம்ப்பிடமும்தான் யாரும் கேட்கவில்லை. கலீமுல்லாவின் குழாய் ஒன்றேகால் இஞ்ச். அஹமது பாஷாவின் கிளாம்ப் ஒன்றரை இஞ்ச் குழாய்க்காகச் செய்தது.

5

இந்தக் கதையில் விஷயம் தெரிந்தவள் ஒருத்தி உண்டு. முபஷ்ஷிரா, ஃபேக்டரியின் பாதுகாப்பு அதிகாரி. பையர் கேட்டதால் அந்தப் பதவி உண்டானது, அதற்கான படிப்பைப் படித்திருந்ததால் அவளுக்கு வந்தது. அவள் நிசார் அஹமதுவின் மருமகள். அப்படியென்றால் அஹமது பாஷாவின் மகள். கிளாம்ப் அவளுடைய அப்பா வீட்டுச் சாமான். குழாய் அவளுடைய நாத்தனாரின் மாமனார் வீட்டுச் சாமான். எதைப் பற்றி வாயைத் திறந்தாலும் அவளுக்கு ஆகாது.

(அவளை ஒரு வெளியூர்க்காரியாக, யாருக்கும் உறவில்லாதவளாக ஆக்கிப் பார்த்தேன். இரண்டு வரியில் கதை முடிந்துவிட்டது. மறுபடி மருமகளாக்கினேன். என்னை அவள் மன்னிக்க வேண்டும்.)

வீட்டில் மாமனாரை 'மாமு' என்பாள். ஃபேக்டரியில் 'சார்'. அன்று காலை அவருடைய அறைக்குப் போனாள்.

"சார், அந்தச் சாரத்துல ஆள ஏத்தாதீங்க. கிளாம்ப் பிடிக்கல."

"கிளாம்ப்பா? உங்க அப்பா கிளாம்ப்பயா சொல்ற?" நிசார் அஹமது பதறிவிட்டார். "அப்டிலாம் சொல்லாதம்மா. சம்பந்தி காதுல விழுந்தா மனசு கஷ்டப்படுவாரு."

"கிளாம்ப் நல்ல கிளாம்ப்தான் சார்."

"அப்ப பைப்பு சரியில்லன்றியா? ஹீனா மாமனார் பைப்பு?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ சொன்னேன்னு தெரிஞ்சா இன்னா பேசுவாங்க? தன் அப்பன் சாமானுக்கு ஆள் புடிக்குதுன்னுவாங்க. தேவையா உனக்கு இந்தப் பேஜாரு?"

"பைப்பும் நல்ல பைப்புதான் சார். ரெண்டுமே நல்லதுதான். அதோட செட்டுல போட்டா அது நிக்கும், இதோட செட்டுல போட்டா இது நிக்கும். ஒண்ணுல ஒண்ணப் போடக் கூடாது, அவ்ளோதான். நட்ட எவ்ளோ முடுக்குனாலும் உள்ள குழாய் சுத்துது."

"கல்யாணத்துல பிரியாணி அவுங்க, கத்திரிக்கா இவுங்க. நல்லா இல்லையா? யார்னா அளவு கேட்டாங்களா?"

(ஆம்பூரைப் பற்றி எழுதும்போது பிரியாணியைக் கொண்டுவரக் கூடாது என்று விரதமே இருந்தேன். நிசார் அஹமது கெடுத்துவிட்டார்.)

முபஷ்ஷிரா அந்த அறையில் ஒருநாளும் சொல்லாத சொல்லைச் சொன்னாள்.

"மாமு, ஒரு ஆளு மேல நிக்கறான்."

அந்த நொடியில் நிசார் அஹமது முதலாளி ஆகிவிட்டார். "ரிப்போர்ட் எழுதிக் குடும்மா. பாக்கலாம்."

அவள் ரிப்போர்ட் எழுதவில்லை. 'ஏறாதே' என்று எழுதிய சிவப்பு அட்டையை எடுத்துப்போய்ச் சாரத்தின் அடியில் மாட்டினாள். மத்தியானம் நிசார் அஹமது வந்து அதை நின்று பார்த்தார். கழற்றச் சொல்லவில்லை. "கலர் நல்லா எடுப்பா இருக்கு. பையர் வர்ற வரைக்கும் இருக்கட்டும். சேஃப்டி டிபார்ட்மென்ட் வேல செய்யுதுன்னு தெரியும்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பிட்டுவிட்டு வந்த சூரியபிரகாஷ் அட்டையைப் பார்த்துத் தயங்கினான். மேஸ்திரி முனிரத்தினத்திடம் கேட்டான். "அண்ணா, ஏறாதன்னு போட்டுருக்கு."

"அது பையருக்குடா. நீ ஏறு."

ஏறினான்.

6

முனிரத்தினத்தை வில்லன் ஆக்கலாமா என்று பார்த்தேன். மீசை பெரிதாக வைத்தேன், கண்ணைச் சிவப்பாக்கினேன். அந்த ஆள் ஒத்துழைக்கவில்லை. குழாய் கிளாம்ப்புக்குள் சுற்றுவதை முதலில் பார்த்தவரே அவர்தான். பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்யும் காரியத்தை அவரும் செய்தார். இடைவெளியில் தோல் துண்டைச் செருகி முடுக்கினார்.

எங்கள் பக்கத்தில் எது ஆடினாலும் தோல் துண்டுதான். மேசைக் கால் ஆடினால் அடியில் ஒரு துண்டு. கதவுக் கீல் தளர்ந்தால் ஒரு துண்டு. தண்ணீர்க் குழாய் ஒழுகினால் வாஷராக வெட்டி ஒரு துண்டு. கட்டிங் செக்‌ஷனில் அது மலைபோல் குவிந்து கிடக்கும்போது கடைக்குப் போய் யார் சரியான சாமான் வாங்குவார்கள்?*

* இதை எழுதும் மேசையின் காலுக்கு அடியிலும் ஒன்று இருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

"வேஸ்ட்டு தோல் இல்ல மேடம்" என்றார் முனிரத்தினம். அவருக்கு அதில் நிஜமான பெருமை. "பாத்துப் பாத்து எடுத்தேன். எக்ஸ்போர்ட் குவாலிட்டி. வேணும்னா ஆட்டிப் பாருங்க, கிண்ணுனு நிக்குதா இல்லயா?"

முபஷ்ஷிரா குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கிண்ணென்றுதான் நின்றது. ஆடியிருந்தால் அவளுக்கு வேலை சுலபம்.

"இப்ப நிக்கும் மேஸ்திரி. வெயிட்டு ஏற ஏற தோல் நசுங்கும். மழ பேஞ்சா வழுக்கும்."

"நம்ம ஊர்ல எங்க மேடம் மழ பேயுது?"

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. தோலை நனைத்தே பிழைக்கும் ஊர் இது. நனைந்த தோல் கையில் எப்படி வழுக்கும், அழுத்தினால் எப்படித் தட்டையாகும் என்று இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். முனிரத்தினத்தின் அண்ணன் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்ப்பவர். ஆனால் அந்த அறிவெல்லாம் டேனரிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. சாரத்தில் செருகிவிட்டால் அது தோல் இல்லை, பேக்கிங். கட்டடத்துக்கு ஒரு பாடம், தொழிலுக்கு ஒரு பாடம் என்று மனுஷன் மூளையை இரண்டு அறையாகக் கட்டிவைத்திருக்கிறான். நடுவில் கதவே இல்லை.

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ, மலருக்காக. முபஷ்ஷிரா சொல்ல, நிசார் அஹமது கண் கலங்கி, இரண்டு சம்பந்திகளையும் அழைத்து உட்காரவைத்து நிலைமையைச் சொல்கிறார். கலீமுல்லா தன் கிளாம்ப்புகளையும் சேர்த்து அனுப்ப, ஒரே செட்டில் புதுச் சாரம் எழுகிறது. அஹமது பாஷா தன் கிளாம்ப்புகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, சிரித்த முகத்தோடு—

'சிரித்த முகத்தோடு' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. நான் எவ்வளவோ பொய் எழுதியிருக்கிறேன். இது என் சக்திக்கு மீறியது.

முடிவு ஆ. மழை வருகிறது. தோல் நனைகிறது. மூன்றாவது மாடி உயரத்தில் ஒரு கிளாம்ப் குழாயோடு வழுக்கி ஓர் அடி இறங்குகிறது, பலகை சரிகிறது, அதற்குக் கீழே இருக்கும் கிளாம்ப்புகள் ஒவ்வொன்றாக—

விழும் காட்சியை நான் எழுத மாட்டேன். ஜோசுவாவுக்காக இல்லை, எனக்காக. அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்கிறேன். வேலூரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு சம்பந்திகளும் நிற்கிறார்கள். "நம்ம பைப்பு ஒரு இடத்துலகூட வளையல" என்கிறார் கலீமுல்லா. "நம்ம கிளாம்ப்புல ஒரு விரிசல் காட்டுங்க" என்கிறார் அஹமது பாஷா. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. விசாரணையிலும் அதுவேதான் வரும். குழாயில் குறையில்லை. கிளாம்ப்பில் குறையில்லை. தோல், ஏற்றுமதித் தரம். கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது சூரியபிரகாஷ் ஒருவன்தான். 'ஏறாதே' என்று அட்டை தொங்கியும் ஏறியவன் அவன்தானே? ஒர்க்கர் மிஸ்டேக்.

முடிவு இ. ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்யவில்லை. சுவர் முடிந்தது, பையர் வந்தார், சிவப்பு அட்டையைப் போட்டோ எடுத்தார், நிசார் அஹமதுவின் தோளைத் தட்டினார். முனிரத்தினம் அடுத்த கட்டடத்துக்குப் போனார். இதைவிட உயரமான கட்டடம். அங்கே யாரோ கேட்டதற்கு, "போன தபா ஆம்பூர்ல இப்டித்தான் கட்டுனோம். இன்னா ஆச்சு?" என்றார். கையில் தோல் துண்டு.

நடக்கக்கூடியது இந்த மூன்றாவதுதான். நம்மில் பாதிப் பேர் இந்த முடிவில்தான் உயிரோடு இருக்கிறோம். ஜோசுவாவுக்கும் இதுதான் பிடித்தது. எனக்கு இதைப் பார்த்தால்தான் பயம்.

8

மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். கிழித்த சமயத்தில் கதைக்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது. நான் எழுதவில்லை. மழைக்கு எழுத்தாளன் தேவையில்லை.

முபஷ்ஷிரா ஓடிவந்தாள். துப்பட்டா தலையிலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. சாரத்தின் கீழ் நின்று அண்ணாந்து கத்தினாள்.

"எறங்குங்க! வேலய நிறுத்திட்டு எறங்குங்க!"

அவன் பாட்டை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தான். இறங்கவில்லை, மேஸ்திரியைப் பார்த்தான். கூலிக்கு வந்தவன், அவனுக்கு மேடம் சொல்வது சட்டமா, மேஸ்திரி சொல்வது சட்டமா? முனிரத்தினம் மாடி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் நிசார் அஹமது நின்றார். அவர் இறங்கச் சொல்லத்தான் கையைத் தூக்கினார், இது சத்தியம். அந்த நேரம் பார்த்து கேட்டுக்குள் ஒரு கார் நுழைந்தது. கலீமுல்லாவும் அஹமது பாஷாவும் ஒரே காரிலிருந்து இறங்கினார்கள். தங்கள் சாமான் எவ்வளவு கம்பீரமாக நிற்கிறது என்று பார்க்க ஒன்றாகவே வந்திருந்தார்கள். ஆளை இறக்கினால் இவர்கள் இருவர் எதிரிலும் காரணம் சொல்லியாக வேண்டும். தூக்கிய கை, 'கொஞ்சம் இரு' என்று மாறியது. முனிரத்தினம் அதை அப்படியே மேலே காட்டினார்.

"இவுங்க போற வரைக்கும்டா!"

சூரியபிரகாஷ் தலையாட்டிவிட்டு நிற்கிறான். முபஷ்ஷிரா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அஹமது பாஷா மகளைப் பார்த்துப் பெருமையாகக் கையசைத்தார். அவள் மறுபடி கத்துகிறாள், கத்திக்கொண்டே இருக்கிறாள். சம்பந்தி வீட்டு மருமகள் நனைகிறாளே, யாராவது குடை கொண்டு போங்கள் என்கிறார் கலீமுல்லா.

எழுத்தாளன் நீ கத்தித் தொலையேன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அந்த ஃபேக்டரியின் கட்டிங் செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருப்பவர் என் மனைவியின் தம்பி. இந்தக் கதையை எனக்கு வாங்கிக் கொடுத்தது அவர்தான். நான் கத்தினால் நாளைக்கு அவரைக் கூப்பிட்டு, உன் மாமாவுக்கு என்னப்பா என்று விசாரிப்பார்கள். பார்த்தீர்களா, நானும் சொந்தக்காரனாகிவிட்டேன். இந்த வளாகத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் யாருக்காவது ஏதாவது முறை.

நீங்கள் ஒருவர்தான் இங்கே யாருக்கும் பெண் கொடுக்கவில்லை, எடுக்கவில்லை. உங்களுக்கு யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். தூறல் வலுக்கிறது. அவன் பெயர் உங்களுக்குத் தெரியும். இறங்கச் சொல்லுங்கள், அவசரப்படாமல், குழாயைப் பிடிக்காமல் ஏணியைப் பிடித்து மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். பைபாஸில் லாரிச் சத்தம் காதை அடைக்கிறது. மனசுக்குள் படித்தால் அவனுக்குக் கேட்காது.